பங்களாவிலிருந்து வந்த பிரெஞ்சு சிலைக் கடிகாரம்: செய்தவரைக் கண்டுபிடிப்பது, பழுதாக்காமல் ஓட வைப்பது

வீட்டு அலமாரி மேல், பாடும் பெண்ணோ வேட்டைக்காரனோ சிறகு முளைத்த குழந்தையோ சாய்ந்து நிற்க, நடுவில் வெள்ளை எனாமல் முகமும் ரோமன் எண்களுமாக ஒரு பழைய பொன்னிறக் கடிகாரம் இருக்கிறதா? அதைத் துலக்குவதற்கு முன்னால், விற்பதற்கு முன்னால், ஏன், யாரிடமும் விலை கேட்பதற்கு முன்னால்கூட, அதன் முதுகைப் பாருங்கள். முகத்தில் எழுதியிருக்கும் பெயர் பெரும்பாலும் அதைச் செய்தவர் பெயர் அல்ல. செய்தவர்கள் தங்கள் அடையாளத்தை உள்ளே விட்டுப் போயிருக்கிறார்கள், அதைப் படிக்கத் தெரிந்தால் போதும்.

தோட்டத்து ஊருக்கு இப்படி ஒரு பொருள் எப்படி வந்திருக்கும் என்று பலர் சந்தேகப்படுகிறார்கள், உடனே போலி என்றும் முடிவு கட்டிவிடுகிறார்கள். அவசரப்பட வேண்டாம். பத்தொன்பதாம் நூற்றாண்டில் பிரெஞ்சு மேசைக் கடிகாரங்கள் இங்கிலாந்தில் ஏராளமாக விற்றன, அங்கிருந்து வந்த துரைமார்கள் வீட்டுச் சாமானோடு கொண்டு வர வாய்ப்பு உண்டு. அதைவிட, எங்கள் பத்தாங் பெர்ஜுந்தை பக்கத்தில் (மலேசியாவின் சிலாங்கூரில், இப்போது பெஸ்தாரி ஜெயா) பிரெஞ்சுக்காரர்களே தோட்டம் போட்டிருக்கிறார்கள். ஹென்றி ஃபோகொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் 1905-இல் மலாயாவுக்கு வந்தார், ரந்தாவ் பாஞ்சாங்கில் ரப்பர் போட்டார், அப்புறம் 1917-இல் இங்கே தென்னமரம் தோட்டத்தில் நாட்டின் முதல் வணிகச் செம்பனையை நட்டதும் அவர்தான். பின்னாளில் தோட்டத் துண்டாடல் காலத்தில் பங்களாக்கள் கைமாறியபோது, மேசை நாற்காலியிலிருந்து சுவர்க் கண்ணாடி வரை லேலோங்கில் (ஏலத்தில்) போனது. கிராணி வீட்டுக்கும் டிரைவர் வீட்டுக்கும் சமையல்காரர் வீட்டுக்கும் சிலது வந்து சேர்ந்தது. ஆகவே உங்கள் தாத்தா சொன்ன கதை உண்மையாகவும் இருக்கலாம். ஆனால் கதையை நம்பி விலை பேசாதீர்கள், உள்ளே மெஷின் தகட்டில் இருக்கும் முத்திரையைப் பார்த்துப் பேசுங்கள். பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் மட்டும் எக்காரணம் கொண்டும் போட்டுவிடாதீர்கள்.

செய்தவர் என்றால் யார்

இந்தக் கடிகாரங்களுக்கு ஒரே ஒரு செய்தவர் என்று கிடையாது. சிலையை வடித்தவர் ஒருவர், அதை உலோகத்தில் வார்த்துப் பொன் ஏற்றியது ஒரு பட்டறை, உள்ளே ஓடும் மெஷினைச் செய்தது வேறொரு தொழிற்சாலை, எல்லாவற்றையும் பூட்டி ஜன்னலில் வைத்து விற்றது ஒரு பாரிஸ் கடை. முகத்தில் பெயர் போட்டுக்கொண்டது பல நேரம் அந்தக் கடைசி ஆள். நகைப் பெட்டியில் கடைப் பெயர்தானே இருக்கும், அட்டிகை செய்த ஆசாரி பெயரா இருக்கும்? அதே மாதிரிதான். எனவே நாம் தேட வேண்டியது மூன்று பெயர்கள்: மெஷின், வார்ப்பு, சிற்பி. மெஷின்தான் சுலபம், அதில் ஆரம்பியுங்கள்.

முதலில் மேசை மேல் கனமான துணி விரியுங்கள். கண்ணாடிக் கூண்டு இருந்தால் இரண்டு கையாலும் நேராக மேலே தூக்குங்கள், சாய்த்தால் சிலையின் கையிலோ சிறகிலோ இடித்து உடையும். பின்பக்கக் கதவைத் திறந்து பெண்டுலத்தைக் கொக்கியிலிருந்து விடுவித்துத் தனியாக வையுங்கள். இதைச் செய்யாமல் கடிகாரத்தைத் தூக்கவே கூடாது. பெண்டுலம் தொங்குவது காகிதம் போல் மெல்லிய எஃகுப் பட்டையில், ஆட்டத்தில் அது முறுக்கிக்கொண்டால் கடிகாரம் அன்றைக்கே நின்றுவிடும். அடுத்து, பின்னால் கிண்ணம் போல் மணி ஒன்று இருக்கும், நடுவில் ஒரு திருகு. அதைக் கழற்றி மணியை எடுங்கள், ஏனென்றால் நாம் தேடும் முத்திரை பெரும்பாலும் அந்த மணிக்கு அடியில் ஒளிந்திருக்கும். கைப்பேசி விளக்கைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்துப் படம் எடுங்கள், நேராக அடித்தால் பித்தளை பளபளப்பில் எழுத்து மறைந்துவிடும்.

பெரும்பாலும் இந்த அளவே போதும். மெஷினை வெளியே எடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், பின்பக்க வளையத்திலிருந்து முன்பக்கம் வரை ஓடும் இரண்டு நீளத் திருகுகள்தான் அதைப் பிடித்திருக்கின்றன. கழற்றும்போது இன்னொருவர் முன்பக்கத்தைக் கையால் தாங்கிக்கொள்ளட்டும், இல்லையென்றால் முகமும் மெஷினுமாக முன்னால் வந்து விழும், எனாமலில் ஒருமுறை விரிசல் விட்டால் விட்டதுதான். மெஷினின் இரண்டு தகடுகளை மட்டும் பிரிக்காதீர்கள். உள்ளே இரண்டு ஸ்பிரிங் முறுக்கேறி நிற்கும், அதைச் சரியாக இறக்கத் தெரியாமல் பிரித்தால் பல் சக்கரமும் போகும், விரலும் போகும்.

சரி, முத்திரையில் என்ன இருக்கும்? வட்டத்துக்குள் ‘ஜாப்பி ஃப்ரேர்’ (Japy Frères, ஜாப்பி சகோதரர்கள்) என்று இருந்தால், சுவிட்சர்லாந்து எல்லைக்குப் பக்கத்தில் போகூர் என்ற ஊரில் பிறந்த மெஷின் அது. ஃபிரெடெரிக் ஜாப்பி 1777-இல் அங்கே பட்டறை தொடங்கினார். கடிகாரப் பாகங்களை இயந்திரத்தில் வெட்டும் கருவிகளுக்கு 1799-இல் காப்புரிமை வாங்கினார். கையால் அராவிக்கொண்டிருந்த தொழிலை ஆலைத் தொழிலாக மாற்றியவர்களில் அவர் முக்கியமானவர். அந்த வட்டாரத்தில் செய்த மெஷின்கள் அரைகுறையாகப் பாரிஸுக்குப் போய், அங்கே மெருகேறி, சிலைக்குள் உட்கார்ந்தன. அதே வட்டாரத்து இன்னொரு பெயர் ‘எஸ். மார்ட்டி’ (S. Marti). இது கிடைத்தால் சந்தோஷப்படுங்கள், ஏனென்றால் காலத்தைக் கணிக்க உதவும். வெள்ளிப் பதக்கம் 1889 என்று இருந்தால் அந்த ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்குப் பிந்தையது, தங்கப் பதக்கம் 1900 என்று இருந்தால் அதற்கும் பிந்தையது. ‘வின்சென்டி’ (Vincenti) முத்திரையில் 1855 வெள்ளிப் பதக்கம் இருக்கும். ‘ஏ. டி. மூழான்’ (A. D. Mougin) என்றும் வரும்.

இங்கே நிறையப் பேர் வழுக்குகிறார்கள். 1855 என்று பொறித்திருப்பதைப் பார்த்து, கடிகாரம் 1855-இல் செய்தது என்று எழுதி விலை போடுகிறார்கள். அது பதக்கம் வாங்கிய ஆண்டு. பதக்கத்தைப் பல வருடம் பொறித்துக்கொண்டே இருந்தார்கள். அந்த ஆண்டுக்கு முன்னால் செய்ததல்ல என்று மட்டும்தான் அது சொல்லும். நாட்டின் பெயர் ஆங்கிலத்தில் ‘மேட் இன் பிரான்ஸ்’ என்று இருந்தால் பெரும்பாலும் 1890-க்குப் பிந்தைய ஏற்றுமதிச் சரக்கு, இறக்குமதிப் பொருளில் நாட்டின் பெயர் வேண்டும் என்று அமெரிக்கா அந்த ஆண்டு சட்டம் போட்டது.

முத்திரைக்குப் பக்கத்தில் எண்களும் இருக்கும். நீளமான எண் வரிசை எண். அதே எண் பெண்டுலக் குண்டின் பின்னாலும் பொறித்திருந்தால் இரண்டும் பிறந்ததிலிருந்தே ஒன்றாக இருக்கின்றன என்று அர்த்தம், இது விலையிலும் மதிப்பிலும் பெரிய விஷயம். தகட்டின் அடிப்பக்கத்தில் தனியாக 5, கொஞ்சம் தள்ளி 3 என்பது போல் இரண்டு சின்ன எண்கள் தெரிந்தால் அது பெண்டுலத்தின் நீளம், பழைய பிரெஞ்சு அங்குலத்திலும் அதன் பன்னிரண்டில் ஒரு பங்கான லீனிலும். பிரெஞ்சு அங்குலம் 27.07 மில்லிமீட்டர், லீன் 2.256 மில்லிமீட்டர். ஆக ஐந்து மூன்று என்றால் ஏறக்குறைய 142 மில்லிமீட்டர். பெண்டுலம் தொலைந்துபோன கடிகாரம்தான் நம் பக்கத்தில் அதிகம், அவர்களுக்கு இந்த ஒரு கணக்கே போதும், சரியான நீளத்துக்கு இன்னொன்று தேடிவிடலாம்.

அடுத்து சிற்பி. சிலையின் காலடியிலோ உடை மடிப்பிலோ கையெழுத்து இருக்கும், அல்லது முன்னால் சின்னப் பித்தளைத் தகட்டில் சிலையின் பெயரும் சிற்பியின் பெயரும் இருக்கும். மோரோ (Moreau) என்ற பெயர்தான் அதிகம் வரும், அது ஒரு ஆள் இல்லை, ஒரு குடும்பம்: மாத்தூரின் (1822–1912), இப்போலித், ஒகுஸ்த். முன்பெயரைக் கவனித்துப் படியுங்கள். காரியே-பெல்லூஸ் (Carrier-Belleuse, 1824–1887) என்று இருந்தால் இன்னும் கவனியுங்கள், பின்னாளில் புகழ்பெற்ற பிரெஞ்சுச் சிற்பி ரோடான் இளம் வயதில் வேலை பார்த்தது இவர் பட்டறையில்தான். ஆனால் கையெழுத்து இருப்பதால் சிற்பியின் கை பட்டது என்று ஆகிவிடாது. மூல வடிவத்தில் இருந்த கையெழுத்து அச்சோடு சேர்ந்து எல்லாப் பிரதிகளிலும் விழும். அதிலும் 1830-களில் அஷில் கோலா என்பவர் பெரிய சிலையைச் சின்ன அளவில் துல்லியமாகப் பிரதியெடுக்கும் இயந்திரம் ஒன்றைக் கண்டுபிடித்தார், ஃபெர்தினான் பார்பெதியென் அவரோடு கூட்டுச் சேர்ந்து 1838-இல் வார்ப்புத் தொழில் தொடங்கினார். அருங்காட்சியகச் சிலைகள் வீட்டு மேசைக்கு இறங்கி வந்தது இப்படித்தான். ‘எஃப். பார்பெதியென்’ (F. Barbedienne) என்ற பெயரும், கோலா (Collas) பெயரோடு வட்ட முத்திரையும் சேர்ந்து கிடைத்தால், அது பெரும்பாலும் நல்ல வெண்கல வேலை. அடிப்பாகத்துக்கு உள்ளே ‘பி. ஹெச். மூரே’ (P. H. Mourey) என்று இருந்தால் அது பாரிஸில் பொன்பூச்சுக் கடிகாரக் கூடுகள் செய்த பிலிப் மூரேயின் பட்டறை.

வெண்கலமா, துத்தநாகமா என்பதை முதலில் முடிவு செய்துகொள்ளுங்கள், கேள்விப்படும் விலையெல்லாம் இதைப் பொறுத்துத்தான் ஏறி இறங்கும். நகத்தால் தட்டினால் வெண்கலம் கொஞ்சம் ரீங்காரமிடும், துத்தநாகக் கலவை மந்தமாக ‘டொக்’ என்று நின்றுவிடும். அடியில், யாரும் பார்க்காத இடத்தில், ஏற்கெனவே கீறல் விழுந்திருந்தால் அதை உற்றுப் பாருங்கள்: உள்ளே மஞ்சளாகத் தெரிந்தால் வெண்கலம் அல்லது பித்தளை, சாம்பல் வெள்ளையாகத் தெரிந்தால் துத்தநாகம். புதிதாகக் கீற வேண்டாம். காந்தம் இரண்டிலும் ஒட்டாது, ஒட்டினால் அடியில் இரும்பு. துத்தநாகம் என்று தெரிந்ததும் முகம் சுளிக்காதீர்கள். வெண்கலம் வாங்க வசதியில்லாத நடுத்தர வீடுகளுக்கும் சிற்பம் போய்ச் சேர்ந்தது அதனால்தான், நல்ல அச்சில் வார்த்தவை இன்றும் பார்க்க அழகாகவே இருக்கின்றன.

புளி, எலுமிச்சை, சாம்பல் எல்லாம் விளக்குக்கு மட்டும்

குத்துவிளக்கைப் புளி போட்டுத் துலக்குகிற கை, இதையும் பார்த்ததும் பரபரக்கும். வேண்டவே வேண்டாம். குத்துவிளக்கு முழுக்கப் பித்தளை, தேய்த்தால் அடியிலும் பித்தளை. இந்தக் கடிகாரத்தில் இருப்பது மெல்லிய தங்கப் படலம். புளியும் எலுமிச்சையும் படலத்தின் ஓட்டைகள் வழியாக இறங்கி அடி உலோகத்தை அரிக்கும், துத்தநாகமாக இருந்தால் இன்னும் வேகமாக. அடிப்பாகம் கறுப்புப் பளிங்காக இருந்தால் அதன் மெருகும் போய்விடும். கடையில் விற்கும் உலோக மெருகுக் களிம்பும் இதே வேலையைத்தான் செய்யும், அதில் உராயும் தூள் இருக்கிறது.

இந்தத் தங்கம் எப்படி ஏறியது என்று தெரிந்துகொள்ளுங்கள், அப்புறம் தேய்க்க மனம் வராது. பழைய முறையில் தங்கத்தைப் பாதரசத்தில் கலந்து களிம்பாக்கி, வெண்கலத்தில் பூசி, நெருப்பில் காட்டுவார்கள். பாதரசம் புகையாகப் போகும், தங்கம் ஒட்டிக்கொள்ளும். அந்தப் புகையைச் சுவாசித்த தொழிலாளிகள் கை நடுங்கி, பல் விழுந்து, இளம் வயதிலேயே செத்தார்கள். பாரிஸில் வெண்கலக் கடிகாரக் கூடுகள் செய்த ரவ்ரியோ என்பவர் 1814-இல் இறந்தபோது, இந்த வேலையை ஆபத்தில்லாமல் செய்ய வழி கண்டுபிடிப்பவருக்கு 3,000 பிராங்க் பரிசு என்று உயிலில் எழுதி வைத்தார். புகையை இழுத்து வெளியேற்றும் அடுப்பை வடிவமைத்த தார்சே என்ற வேதியியலாளர் அந்தப் பரிசை வாங்கினார். தன் பட்டறை ஆட்களுக்காக முதலாளி ஒருவர் உயில் எழுதினார் என்பதை, தோட்டத்தில் மருந்தடித்து நுரையீரல் கெட்டவர்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு யாரும் விளக்கத் தேவையில்லை. 1840-க்குப் பிறகு மின்சாரத்தால் பொன் ஏற்றும் முறை வந்து, பாதரச வேலை மெல்லக் குறைந்தது. அந்த முறையில் ஏறிய படலம் இன்னும் மெல்லியது, இன்னும் சீக்கிரம் தேயும்.

எனவே செய்ய வேண்டியது மென்மையான ஓவியத் தூரிகையால் தூசு தட்டுவது, அவ்வளவுதான். பிசுக்கு இருந்தால், மெஷினை வெளியே எடுத்த பிறகு, காய்ச்சி வடித்த நீரில் ஒரு சொட்டு மிதமான சோப்பு, பஞ்சுக் குச்சி, சின்னச் சின்ன இடமாக, உடனே உலர்ந்த பஞ்சால் ஒற்றி எடுப்பது. பஞ்சில் பொன்னிறம் வந்தால் அந்த இடத்திலேயே நிறுத்துங்கள். தங்க நிற பெயிண்ட் அடித்துப் ‘புதுசு’ ஆக்கித் தருகிறேன் என்பவரிடம் கொடுக்காதீர்கள், கொஞ்ச நாளில் அது பழுப்பாகிவிடும். கண்ணாடிக் கூண்டின் அடிப் பலகையில் பொன்பூச்சு இருந்தால் ஈரத் துணியே படக்கூடாது, அது சுண்ணாம்புச் சாந்து மேல் ஒட்டிய தங்கம். அந்தப் பலகையைத் தூக்கிக் கரையான் இருக்கிறதா என்றும் பார்த்துவிடுங்கள்.

ஓட வைப்பது

முகத்தில் இரண்டு சாவித் துளைகள் இருக்கும். வலது பக்கம் நேரம், இடது பக்கம் மணி. வாரம் ஒருமுறை, ஒரே கிழமையில், இரண்டுக்கும் சாவி கொடுங்கள். துளைக்குப் பொருந்தும் சாவிதான் வேண்டும், பிளையர் போட்டுத் திருகினால் சதுர முனை உருண்டையாகிவிடும். ஸ்பிரிங் இறுகியதும் நிறுத்துங்கள்.

பெண்டுலத்தை மாட்டி ஆட்டிவிட்டுக் காதால் கேளுங்கள். ‘டிக்’குக்கும் ‘டாக்’குக்கும் இடைவெளி சமமாக இருக்க வேண்டும், நொண்டினால் கொஞ்ச நேரத்தில் நின்றுவிடும். அடியில் அட்டை வைத்துச் சாய்த்துச் சரி செய்கிறவர்கள் உண்டு, அது பார்க்கவும் நன்றாக இருக்காது, கடிகாரத்தைச் சற்று நகர்த்தினாலும் பழையபடி ஆகிவிடும். மேசையைச் சமமாக வைத்துவிட்டு, பின்னால் உள்ள இரண்டு நீளத் திருகுகளையும் கொஞ்சம் தளர்த்தி, முகத்தோடு சேர்த்து மெஷினை ஒரு மயிரிழை வலமோ இடமோ திருப்புங்கள். சத்தம் சமமாகும் இடத்தில் திருகை இறுக்குங்கள். எண் 12 துளியூண்டு சாய்ந்து நின்றாலும் பரவாயில்லை.

மணி எண்ணிக்கை தப்பினால் பயப்பட வேண்டாம். பழைய மெஷின்களில் பின்னால், ஓரத்தில் வெட்டுகள் போட்ட ஒரு வட்டத் தகடு தெரியும். எத்தனை அடிக்க வேண்டும் என்பது அதன் கணக்கு, 12 மணி நேரத்தில் மணிக்கு மணி 78, அரை மணிக்கு ஒன்றாக 12, மொத்தம் 90 அடி. அதற்கு முள் எங்கே நிற்கிறது என்று தெரியாது. பெரிய முள்ளை 12-க்குக் கொண்டு போங்கள், அடித்து முடிக்கட்டும், எத்தனை அடித்ததோ அந்த எண்ணுக்குச் சின்ன முள்ளை விரலால் மெதுவாக நகர்த்துங்கள், அது பிடிப்பில்தான் நிற்கிறது. அப்புறம் பெரிய முள்ளை முன்னோக்கி மட்டும், ஒவ்வொரு அரை மணிக்கும் நின்று அடிக்கவிட்டு, சரியான நேரத்துக்குக் கொண்டு வாருங்கள்.

எல்லாம் சரியாக இருந்தும் ஒரு நாளைக்கு இரண்டு நிமிடம் பின்தங்குகிறதா? இது மெஷின் கோளாறாக இல்லாமலும் இருக்கலாம். பாரிஸில் சரி பார்த்து அனுப்பிய பெண்டுலம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் மெதுவாகத்தான் ஆடும், இங்கே ஈர்ப்பு விசை சற்றுக் குறைவு. ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் 1672-இல் தென்னமெரிக்காவின் கயேனுக்குப் போனபோது, அவருடைய கடிகாரம் நாளுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது, பெண்டுலத்தைக் குறுக்கித்தான் சரி செய்தார். நாம் கயேனைவிடவும் ரேகைக்கு நெருக்கம், ஏறக்குறைய 3 பாகையில் இருக்கிறோம். முகத்தில் 12-க்கு மேல் ஒரு சின்னத் துளை இருந்தால் அது இதற்காகத்தான். ப்ரோகோ என்ற பாரிஸ் கடிகாரக் குடும்பத்தின் அமைப்பு அது, தொங்கும் பட்டையின் நீளத்தை முன்னாலிருந்தே மாற்றலாம். இருபக்கச் சாவியின் சின்ன முனையை அதில் விட்டு, ‘ஏ’ (A) என்ற எழுத்துப் பக்கம் திருப்பினால் வேகம், ‘ஆர்’ (R) பக்கம் மெதுவு. எழுத்து இல்லையென்றால் அரைச் சுற்று திருப்பி மறுநாள் பாருங்கள். துளையே இல்லாமல், பெண்டுலம் பட்டு நூலில் தொங்கினால் உங்களிடம் இருப்பது இன்னும் பழையது. நம் ஊர் ஈரத்தில் நூல் நீண்டு சுருங்கும், அதனிடம் நிமிடக் கணக்குக் கேட்காதீர்கள்.

பூஜை அறையில் வைக்காதீர்கள். சூடப் புகையும் விளக்கெண்ணெய்ப் பிசுக்கும் பொன் மேல் கறையாகப் படிந்து, மெஷின் எண்ணெயில் பசையாகச் சேரும். கொசுவத்திக்குப் பக்கத்திலும் வேண்டாம். கதவு மூடிய பிறகும் பல்லி நுழையும் இடைவெளி இருந்தால் மெல்லிய வலை ஒட்டுங்கள். தேங்காய் எண்ணெய், தையல் மெஷின் எண்ணெய், பீய்ச்சி அடிக்கும் துரு எண்ணெய் எதுவும் உள்ளே போகக்கூடாது. எண்ணெய் விடுவதென்றால் பிரித்துச் சுத்தம் செய்த பிறகு, கடிகார எண்ணெய், அச்சுக்கு ஒரு துளி.

பழுது பார்க்கக் கொடுக்கும்போது நேராகக் கேளுங்கள்: பிரித்துக் கழுவுவீர்களா, இல்லை எண்ணெய் மட்டும் விடுவீர்களா? ‘இதெல்லாம் எதுக்கு, பேட்டரி மெஷின் போட்டுத் தர்றேன்’ என்றால் கடிகாரத்தைத் திருப்பி வாங்கிக்கொள்ளுங்கள். ஏற்கெனவே யாரோ அப்படி மாற்றியிருந்தால், பழைய மெஷின் இன்னும் அந்தக் கடை மூலையில் கிடக்கலாம், கேட்டுப் பார்ப்பதில் நஷ்டமில்லை. கொடுப்பதற்கு முன்னால் முத்திரை, வரிசை எண், பெண்டுலக் குண்டின் எண், சிலையின் கையெழுத்து நான்கையும் படம் எடுத்து, எண்களை ரசீதிலும் எழுதி வாங்குங்கள். பெண்டுலத்தைத் தனியாகத் துணியில் சுற்றி, பெயர் எழுதிய உறையில் போட்டுக் கொடுங்கள்.